ஒத்துப்போகும் கார்னெட்

மனித குலம் தனக்குத் தானே செய்துகொண்ட மகத்தான ஏற்பாடுகள் இரண்டு. ஒன்று, ஒரு கிலோ என்றால் எல்லோருக்கும் ஒரே கிலோ. இன்னொன்று, கமிட்டி. இரண்டும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்திய பெருமை எடை அளவு ஆய்வுத் துறையின் தலைமை அலுவலகத்துக்கு உண்டு. அங்கே ஒரு கார்னெட் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாற்றை நின்றுகொண்டு படிப்பது உத்தமம். உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்தாவது உட்காரலாம்.

கார்னெட் ஒரு பித்தளை ஊதுகுழல். டிரம்பெட்டுக்குத் தம்பி முறை. அண்ணன் தெருவில் நின்று ஊரையே கூப்பிடுவான். தம்பி வீட்டுக்குள் இருந்து பேசுவான். குட்டை உடம்பு, மூன்று பொத்தான்கள், உருண்டையான குரல். நாலு வாத்தியம் சேர்ந்தால் அவற்றின் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிற சுபாவம்.

துறையின் வாத்தியக் குழுவில் அதை வாசித்தவர் முத்திரை ஆய்வாளர். பகலில் கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை, குறைந்தால் பறிமுதல். கல்லைக் கையில் வாங்கியதுமே அவர் முகத்தைப் பார்த்துத் தங்கள் விதியைத் தெரிந்துகொள்ளலாம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கை எப்படியோ காதும் அப்படியே. மயிரிழை பிசகினாலும் பிடித்துவிடும். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவருக்கு இப்படி ஒரு காது இருப்பது நல்லதல்ல.

ஏனென்றால் அதே குழுவில் டியூபா என்கிற பெருங்குழல் வாசித்தவர் இணை இயக்குநர். தூளியிலிருந்து எடுத்த பிள்ளையைப் போல மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வாசிப்பார். அவருடைய சுருதி, நிற்க வேண்டிய இடத்துக்குக் கீழே, அதற்கு அடுத்த இடத்துக்கு மேலே, எந்த நிர்வாகத்துக்கும் உட்படாத ஒரு பிரதேசத்தில் நின்றது. அவர் பதவி ஏற ஏற அது இறங்கியது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அந்தச் சிலர் இப்போது தலைமை அலுவலகத்தில் இல்லை. இருக்கிறவர்கள் நாகரிகமானவர்கள், அவரவர் குழலின் சுருதியை ஓசைப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அவர் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

பழைய கார்னெட்டால் இதுவரை தொந்தரவு இல்லை. அதில் குரலைவிடக் காற்றுதான் அதிகம் வரும். ஒருநாள் ஒத்திகையில் ஆய்வாளர் நடுப் பொத்தானை அழுத்தினார், அது போனது போனதுதான், மேலே வரவில்லை. கடையிலிருந்து புதிதாக ஒன்று பரிசோதனைக்கு வந்தது. ஆய்வாளர் ஊதினார். அறையே கழுவி விட்டாற்போல் ஆனது. பிறகு இணை இயக்குநர் சேர்ந்துகொண்டார். இரண்டு நாதமும் ஒட்டாமல், காற்று ‘வவ்வவ்வவ்’ என்று நடுங்கியது. ஜன்னல் கண்ணாடி அதை முதலில் கவனித்தது.

இணை இயக்குநர் குழலை வாயிலிருந்து எடுத்து மெதுவாகச் சொன்னார்:

“கார்னெட் தனியா நிக்குது.”

அவர் சத்தமாகச் சொல்வது காற்றோடு போகும். மெதுவாகச் சொல்வது மாலைக்குள் தட்டச்சாகிவிடும். அப்படித்தான் ‘குழு இணக்கக் கார்னெட் தேர்வுக் கமிட்டி’ பிறந்தது. தலைவர் இணை இயக்குநர். செயலாளர், குழுவில் மேளம் அடிக்கும் கண்காணிப்பாளர். எந்தப் பேச்சையும் தீர்மானமாக்கி முடிப்பதால் அவருக்குத் ‘தீர்மானம்’ என்று பட்டப்பெயர். அவருடைய மேளம் எந்தச் சுருதியையும் சேர்ந்ததல்ல என்பதால் அவரே நடுநிலை உறுப்பினரும் ஆனார். கூடவே, ‘கூட்டு மனப்பான்மை’ கற்றுத்தர வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு பயிற்சி வல்லுநர். கார்னெட்டை வாசிக்கப் போகிறவர் ‘சிறப்பு அழைப்பாளர்’, அதாவது காப்பி உண்டு, கருத்து கிடையாது.

ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆணையர் நேரில் வந்து கேட்கப் போகிறார். தீர்மானம் ஆய்வாளரைத் தனியாக அழைத்து, தோளில் கை வைத்து, அன்போடு விஷயத்தை விளக்கினார்.

“உங்க மேல யாருக்கும் ஒரு வருத்தமும் இல்ல சார். குழு ஒத்து வந்தா நீங்க இங்கயே இருப்பீங்க. வரலேன்னா லாரி எடைமேடைக்கு ஒரு ஆள் கேட்டிருக்காங்க. நல்ல வெட்டவெளி. நீங்க எவ்வளவு ஊதினாலும் கேட்க ஆளில்ல.”

அந்த எடைமேடை நெடுஞ்சாலையின் கோடியில் இருந்தது. போனவர்கள் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குத் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு திரும்புவார்கள். ஆய்வாளரின் மனைவி உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகளுக்கு இந்த வருடம் அரசுத் தேர்வு. அன்றிரவு அவர் சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை என்று மனைவி சாட்சி சொல்வார்.

கமிட்டி கூடியது. கார்னெட்டை எப்படித் தேர்வு செய்வது என்று ஆய்வாளரைக் கேட்டார்கள். கருத்துத்தான் கூடாது, ‘தகவல்’ தரலாம். அவர் சொன்னார்: ஒருவர் எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நிற்க வேண்டும், வாசிப்பவர் நீளமான ஸ்வரங்களை மெதுவாக ஊத வேண்டும், முதலில் கீழே, பிறகு மேலே, மற்ற வாத்தியங்களோடு சேரும்போது குரல் துருத்திக்கொண்டு வெளியே வராமல் உள்ளே போய் உட்கார வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த முறை ‘கொள்கையளவில்’ ஏற்கப்பட்டது. அதாவது யாரும் எதிர்ச்சுவருக்குப் போகவில்லை. பயிற்சி வல்லுநர் மட்டும் ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்து, உங்களை ஒரு வாத்தியமாகக் கற்பனை செய்து எழுதுங்கள் என்றார். தீர்மானம், தலைவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துவிட்டு, தான் அந்த வாத்தியத்துக்கு உறை என்று எழுதினார்.

கடையிலிருந்து வந்தவற்றில் முதல் கார்னெட் ‘அவசர சுபாவம்’ என்று கழிக்கப்பட்டது. இரண்டாவது ‘தன்முனைப்பு’. மூன்றாவது நிஜமாகவே அபூர்வம். ஆய்வாளர் அதில் ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தை ஊதியபோது தீர்மானமே தன்னை மறந்து கண்ணை மூடினார். இணை இயக்குநர் பெருங்குழலோடு சேர்ந்தார். கண்கள் திறந்தன. ஜன்னல் மீண்டும் நடுங்கியது.

“தனியா கேட்டா ரொம்ப நல்லாருக்கு” என்றார் பயிற்சி வல்லுநர். “தனியா நல்லா இருக்கிறதுதான் இதோட பிரச்சினை.”

இந்த இடத்தில் ஆய்வாளர் ஒரு தவறு செய்தார். நேர்மையாக வாழ்கிறவர்களுக்கு எப்போதாவது வருகிற சபலம்தான். துறையின் பரிசோதனைக் கூடத்திலிருந்து அதிர்வெண் மானியை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார். கார்னெட்டை ஊதினார், முள் நட்டநடுவில் வந்து நின்றது. இணை இயக்குநர் ஊதினார். முள் இடப்பக்கம் சாய்ந்து, களைத்துப் போனதுபோல் படுத்துக்கொண்டது.

இணை இயக்குநர் குழலை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

“இந்த மானியைக் கடைசியா யார் சோதிச்சது?” என்றார்.

“நான்தான் சார். போன வாரம். சரியா இருந்துச்சு, முத்திரை போட்டேன்.”

“போன வாரம் சரியா இருந்துச்சு” என்று திருத்தினார் தீர்மானம். சொல்லிக்கொண்டே மானியின் கழுத்தில் ‘பழுது’ என்ற சிவப்பு அட்டையைக் கட்டினார். கடைகளில் மோசடித் தராசுக்குக் கட்டுகிற அதே அட்டை. நாட்டிலேயே துல்லியமான அந்தக் கருவி, தலை குனிந்தபடி அலமாரிக்குள் போனது.

மறுநாள் ஆய்வாளர் கடைக்கு அனுப்பப்பட்டார். இணை இயக்குநரின் ஒரு ஸ்வரம் தீர்மானத்தின் போனில் பதிவாகி அவருடைய போனுக்கு வந்திருந்தது. அதனுடன் ஒத்துப்போவதைக் கொண்டு வரவேண்டும் என்பது உத்தரவு. வாத்தியக் கடைக்காரர் போனைக் காதில் வைத்துக் கேட்டார்.

“என்ன சார் இது, லாரி ரிவர்ஸ் எடுக்குதா?”

“எங்க இணை இயக்குநர்.”

கடைக்காரர் போனை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நல்ல கார்னெட் ஒன்றை எடுத்தார். சுருதிக் குழாயை இழுத்தால் நாதம் இறங்கும் என்று சொல்லி இழுத்தார். போதவில்லை. இன்னும் இழுத்தார். குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது. இணை இயக்குநர் இன்னும் கீழே இருந்தார். கடைக்காரர் தாடையைச் சொறிந்தபடி உள்ளே போய், பழைய இரும்பு போடுகிற மூலையிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். யாரோ ரிப்பேர் பார்த்தபோது அளவு தெரியாமல் நீளக் குழாயை வைத்துப் பற்றவைத்துவிட்டார்களாம். எடைக்குப் போட வைத்திருந்தாராம்.

ஆய்வாளர் ஊதினார். போனிலிருந்து இணை இயக்குநர் கூடவே ஒலித்தார். நடுக்கம் இல்லை. உறுத்தல் இல்லை. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவதுபோல் வழுவழுவென்று ஓடின. ஆய்வாளரின் முகம் மட்டும் குறைந்த எடைக்கல்லைக் கையில் வாங்கியதுபோல் ஆனது.

“அப்படியே ஒட்டுதே சார். அப்புறம் ஏன் இப்படி முழிக்கிறீங்க?”

“ஒட்டுது. அதனாலதான்.”

“கவலைப்படாதீங்க. பில்லுல ‘தனிவடிவமைப்பு’ன்னு போட்டுத் தரேன்” என்றார் கடைக்காரர். தொழில் தெரிந்தவர், விலையையும் அதற்குத் தக்கபடி தனியாகவே வடிவமைத்தார்.

வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. மனைவி விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நின்றார்.

“ஏங்க, புதுசுன்னு சொன்னீங்க. அதுக்குள்ள கெட்டுப்போச்சா?”

“கெடல. இதைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க.”

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். மானிக்குச் சிவப்பு அட்டை கட்டியதையும் சொன்னார். மனைவி உள்ளே திரும்பிப் பார்த்தார். மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காதிலும் விரலை விட்டபடி படித்துக்கொண்டிருந்தாள்.

“இதை ஊதினா எடைமேடைக்கு அனுப்ப மாட்டாங்கல்ல?”

“மாட்டாங்க.”

“அப்ப ஊதுங்க. கதவை மட்டும் சாத்திக்கோங்க.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் சில நாட்கள் வாய் தானாகவே நாதத்தை மேலே தூக்கப் பார்த்தது. உதட்டை இறுக்கிச் சரியான இடத்துக்குப் போகும் கெட்ட பழக்கம் அதற்கு இருந்தது. வலுக்கட்டாயமாகத் தளர்த்தினார். அப்புறம் தளர்த்த வேண்டியிருக்கவில்லை.

ஆண்டு விழா. ஆணையர் முன்வரிசையில் அமர்ந்து கால் மேல் கால் போட்டுக் கேட்டார். துறை கீதம் ஒரே கட்டியாகப் புறப்பட்டது. எந்த வாத்தியமும் இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கவில்லை. மொத்தக் குழுவும் கைகோத்துக்கொண்டு, இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, கம்பீரமாக நடந்து போனது. ஆணையர் எழுந்து நின்று கைதட்டினார். ஒரு நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இன்று காதால் கேட்டேன் என்றார். யார் எதை வாசித்தார்கள் என்றே தெரியவில்லை, அதுதான் கூட்டு முயற்சி என்றார். இணை இயக்குநர் அடக்கத்தோடு, எல்லாம் சரியான கார்னெட்டைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது என்றார். பயிற்சி வல்லுநர் மற்ற துறைகளுக்கும் அழைக்கப்பட்டார்.

இடமாறுதல் பட்டியல் வந்தது. அதில் ஆய்வாளரின் பெயர் இல்லை. அன்று சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். இரவு நன்றாகத் தூங்கினார். நாளாக ஆகக் காதும் பணிந்தது. ரேடியோவில் யாராவது சரியான சுருதியில் பாடினால், ஏன் இந்த ஆள் இப்படி முந்திக்கொண்டு கத்துகிறார் என்று தோன்ற ஆரம்பித்தது.

ஒரு காலை, வழக்கம்போல் கடைவீதிக்கு ஆய்வுக்குப் போனார். ஒரு மளிகைக் கடை. வாசலில் நல்ல கூட்டம். கடைக்காரரின் கற்களை ஒவ்வொன்றாக, தன் பெட்டியிலிருந்த அரசாங்கக் கல்லோடு தராசில் வைத்துப் பார்த்தார். பெரிய கல் குறைந்தது. நடுக்கல் குறைந்தது. சின்னக் கல்லும் அதே விகிதத்தில், ஒழுங்காகக் குறைந்தது. கை தன் பழைய பழக்கத்தில் பறிமுதல் பையைத் தேடியது.

கடைக்காரர் பதறவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்.

“சார், ஒரு கல்லு மட்டும் குறைஞ்சா அது மோசடி. ஒத்துக்கறேன். என் கடையில எல்லாமே ஒரே மாதிரி குறையுது. பக்கத்துக் கடையிலயும் இதே கல்லுதான். எதிர்க் கடையிலயும் இதேதான். தெருவுக்குள்ள ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா? உங்க பெட்டியில இருக்கிற அந்த ஒரு கல்லாலதான் சார் இப்ப பிரச்சினையே.”

ஆய்வாளர் அரசாங்கக் கல்லைத் தராசிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

கடைக்காரரின் கற்களை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றின் மேலும் அழுத்தமாக முத்திரை குத்தினார். பையுடன் காத்துக்கொண்டிருந்த நாம் எல்லோரும் அந்த முத்திரையைக் கண்ணாரப் பார்த்துத் திருப்தி அடைந்து, குறைந்த எடையை முழு விலைக்கு வாங்கிக்கொண்டு, ஒருவரோடொருவர் ஒத்துப்போனபடி வீடு திரும்பினோம்.