குடும்பத் தலைவர் ஆல்டர்னேட்டர் மாற்றிய வரலாறு

தற்சார்பு என்ற சொல்லை மேடையில் முழங்கியவர்கள் இந்த நாட்டில் ஆயிரம் பேர் உண்டு. அதைச் செய்து காட்டிய மகான்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் கீழப்பழுவூரில், எங்கள் வீட்டிலேயே வசிக்கிறார். ரேஷன் கார்டில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது: பழனிவேல், அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். ‘மனைவி’ என்ற இடத்தில் இருக்கும் வினோதினி நான். சாதனையை அருகிலிருந்து பார்க்கும் பேறு எனக்குத்தான் வாய்த்தது என்பதால், வருங்காலச் சந்ததிக்காக இதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் பத்து வயதுக் காரின் ஆல்டர்னேட்டரை, ஒரு மெக்கானிக்கின் விரல்கூடப் படாமல், வீட்டு வாசலிலேயே அவர் தம் கையால் மாற்றினார். ஆல்டர்னேட்டர் என்பது, வண்டி ஓடும்போது கரண்ட் தயாரித்துப் பேட்டரிக்குச் சோறு போடும் உறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியை முடுக்கினால் கிரீச்சென்று ஒரு சத்தமும் வந்தது. அதுவரை வண்டி வேலையில் இவருக்குத் தெரிந்ததெல்லாம் டயருக்குக் காற்றடிக்க வேண்டும் என்பது மட்டுமே. ஆனாலும் பத்து நிமிடம் யூடியூப் பார்த்துவிட்டு, நெற்றியைச் சுருக்கி, “ஆல்டர்னேட்டர் போயிடுச்சு” என்று அறிவித்தார். டாக்டர்கள்கூட ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழு வருஷமாக நான் ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து பள்ளிக்கூடம், மூன்று பஸ். விடியுமுன் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. என் மகள் தென்றல் எட்டு வயதிலேயே தானாகச் சடை பின்னக் கற்றுக்கொண்டாள். இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரே ஒரு கணக்கு டீச்சர் இடம் காலி. அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெரம்பலூரில், மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவர்களுக்கான மாறுதல் கலந்தாய்வு. என் வரிசை எண் பதினெட்டு. பேர் கூப்பிடும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

“ஏங்க, தமிழ்மாறன் கடையில விட்டா நாளைக்கே சரிபண்ணிக் குடுத்துடுவாரு” என்றேன்.

தமிழ்மாறனின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. ஐ.டி.ஐ. படித்து, துபாயில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அரியலூர் டாக்டர்களின் கார்கள்கூட அங்கே வந்து நிற்கும். அந்தக் கடையில் ஓர் ஒழுங்கு உண்டு. வருகிறவர் கலெக்டரே ஆனாலும் டோக்கன் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். எண் வந்தால்தான் வேலை நடக்கும்.

“அடுத்தவன் கைய எதிர்பாக்குற சமுதாயம் உருப்படாது, வினோ.”

“போன மாசம் குழாய்க்கு வாஷர் போட ஆள் கூப்பிட்டீங்களே.”

“அது பிளம்பிங். இது தற்சார்பு.”

சனிக்கிழமை காலை வாசலில் ‘உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்’ கூடியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர் ஒரே ஒருவர், இவருடைய சித்தப்பா கண்ணையன். காபி குடித்து முடித்ததும் அவர் சுற்றி வளைக்காமல் பேசினார்.

“நம்ம களத்துல நெல்லு தூத்துனான் ராசாங்கம். அவன் மவன் தெக்குத்தெருவுலேருந்து வந்து சுத்துற நாக்காலியில உக்காந்துக்கிட்டு, நம்ம புள்ளைக்கு டோக்கன் குடுப்பானா? அதை வாங்கிக்கிட்டு நீ காத்துக்கிட்டு இருந்தா ஊரு என்னா பேசும்?”

“சேச்சே, நான் அப்படியெல்லாம் பாக்குற ஆளு இல்ல சித்தப்பா. அங்க கூட்டம். அதான்.”

அவர் அப்படிப் பார்க்கிற ஆள் இல்லை என்பதற்கு நானே சாட்சி. ஒவ்வொரு வருஷமும் அலுவலகத்தில் சமத்துவ நாள் உறுதிமொழியை உரக்கப் படித்து, மற்றவர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பவர் இவர்தான். நல்ல கணீர்க் குரல். ஐந்தாம் வகுப்பு வரை கூடவே படித்த தமிழ்மாறனைத் தெருவில் பார்த்தால் மட்டும் அந்தக் குரல் எங்கோ போய்விடும். ‘வா’ என்று கூப்பிட இப்போது முடியாது, ‘வாங்க’ என்பது வாயில் வராது, ஆகவே செல்போனை எடுத்துப் பார்ப்பார்.

கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நான் எழுந்து, “வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலையிறீங்க” என்று சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை. இவர் ஒரு கோப்புத் திறந்தார். ‘பொருள்: வாகனம் – ஆல்டர்னேட்டர் மாற்றுதல் – தொடர்பாக’ என்று அட்டையில் எழுதினார். பிறகு புது ஆல்டர்னேட்டரும் ஸ்பேனர் செட்டும் வாங்கத் திருச்சிக்கு பஸ்ஸில் போய் வந்தார். தெருமுனைக்குப் போகாமல் இருப்பதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எமகண்டத்துக்கு முன்னால் வேலை தொடங்கியது. புது ஆல்டர்னேட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சித்தப்பா சூடம் காட்டினார். இவர் செல்போனைப் பானெட்டில் சாய்த்து வைத்து வீடியோவைப் போட்டார். முதல் இரண்டு நிமிடத்தை விரலால் தள்ளிவிட்டார்.

“வணக்கம் நண்பர்களே, சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு கழுத்தறுப்பான். நமக்கு விஷயம்தான் முக்கியம்.”

பேட்டரி ஒயரை முதலில் கழற்ற வேண்டும் என்ற விஷயம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருந்தது. ஸ்பேனர் பட்டதும் பட்டாசு மாதிரி பொறி பறந்தது. சித்தப்பா நாற்காலியோடு இரண்டு அடி பின்னால் போனார்.

“என்னா தம்பி அது?”

“ஒண்ணுமில்ல சித்தப்பா. கரண்ட் இருக்கான்னு சோதிச்சேன்.”

“இருக்கா?”

“இருக்கு.”

அடுத்து என் நெயில் பாலிஷைக் கேட்டு வாங்கினார். ஆல்டர்னேட்டரைச் சுற்ற வைப்பது ஒரு பெல்ட். ஒரு போல்ட்டைத் தளர்த்தி அங்கே இங்கே நகர்த்தினால் பெல்ட் இறுகும், தளரும். அந்தப் போல்ட் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டு, செல்போனில் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

“எது எங்க இருந்துச்சோ அது அங்கயே இருக்கணும். ஒரு நூல் மாறக் கூடாது. முன்னாடி இருந்தவன் யோசிக்காமலா வச்சிருப்பான்?”

ஐந்து மணி நேரம், மூன்று விரல் காயம், இரண்டு சொம்பு மோர் ஆன பிறகு புது ஆல்டர்னேட்டர் உள்ளே உட்கார்ந்தது. சிவப்புக் கோட்டுக்கு நேராகப் போல்ட்டை முறுக்கினார். நான் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். பழைய பாவாடை நாடா மாதிரி தொளதொளத்தது.

“பெல்ட்டு லூசா இருக்கேங்க.”

“முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சு. போட்டோ ஆதாரம் இருக்கு.”

ஆதாரத்தை மறுக்க முடியவில்லை. வண்டியும் கிளம்பியது. கிரீச் சத்தமும் கேட்டது, சிவப்பு விளக்கும் எரிந்தது. “அது பழைய ஞாபகத்துல எரியுது. ஓட்ட ஓட்டப் போயிடும்” என்றார். சித்தப்பா பூசணிக்காய் உடைத்தார்.

திங்கட்கிழமை காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். “நான் பஸ்ஸுலயே போயிடுறேங்க. பழக்கப்பட்ட பஸ்ஸுதான்.”

“புது ஆல்டர்னேட்டர் போட்ட காரு வாசல்ல நிக்குது. நீ பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போனா பாக்குறவன் என்னா நெனைப்பான்? அதுவும் முக்குல கடை வச்சிருக்குறவன்?”

சண்டை போட நேரமில்லாமல் ஏறினேன். என் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் அதற்கு முதலிடம். தமிழ்மாறன் கடையைத் தாண்டும்போது இவர் தேவையில்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார். ஏ.சி.யையும் போட்டுக்கொண்டார். அரியலூர் தாண்டிப் பெரம்பலூர் சாலையில் பத்துக் கிலோமீட்டர் போனதும் ஹாரன் முனகியது. பிறகு இன்ஜின் இருமியது. எட்டரை மணிக்கு, நிழலே இல்லாத ஓர் இடத்தில், சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியை வாரி இறைக்க, வண்டி நின்றுபோனது.

ஒரு பஸ் வந்தது. கை காட்டினேன். புண்ணியவான், நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தினார். நான் ஓடிப் போவதற்குள் இவர் முந்திக்கொண்டு, “போங்க போங்க, ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடும்” என்று அதை அனுப்பிவைத்தார். அடுத்த பஸ் நிற்கவே இல்லை. இவர் கோப்பைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

ஒன்பது மணிக்கு நான் தமிழ்மாறனுக்குப் போன் செய்தேன்.

“அவனை எதுக்கு இப்ப…” என்று இவர் ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

தமிழ்மாறன் பைக்கில் ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. வந்தவரிடம் இவர், “பாத்தா தேவலை” என்று காரிடம் சொல்வதுபோல் சொன்னார். தமிழ்மாறன் குனிந்து பெல்ட்டைத் தொட்டார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

“இது என்ன டீச்சர்?”

“என் நெயில் பாலிஷ். முன்னாடி இருந்த எடம் மாறக் கூடாதுன்னு சார் வச்ச அடையாளம்.”

அவர் சிரிக்கவில்லை. பெரிய மனுஷர். போல்ட்டைத் தளர்த்தி, ஒரு கம்பியால் நெம்பி, பெல்ட்டை இழுத்து இறுக்கினார். கொண்டுவந்த பேட்டரியை மாட்டினார். பத்து நிமிடம். சிவப்பு விளக்கு அணைந்தது.

“பழைய ஆல்டர்னேட்டரு நல்லாத்தான் இருந்திருக்கும் சார். பெல்ட்டுதான் தொய்ஞ்சு போச்சு. வந்திருந்தீங்கன்னா நின்ன எடத்துலயே இறுக்கிக் குடுத்திருப்பேன்.”

“கடையில கூட்டமா இருந்துச்சு.”

“சனிக்கிழமை ஒரு ஆளும் வரலீங்களே சார்.”

பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். கலந்தாய்வு நடந்த கூடத்தில் பதினெட்டாம் எண்ணை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர் இடம் பத்தொன்பதாம் எண்ணுக்குப் போயிருந்தது. மேசையில் இருந்த வயதான எழுத்தர் இரக்கத்தோடு ஒரு படிவத்தை நீட்டினார். தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தால், கடைசியில் மிச்சமிருக்கும் ஊர்களுக்காவது கூப்பிடுவார்களாம். மிச்சமிருந்தவை எல்லாம் ரஞ்சன்குடியைவிடத் தூரம்.

இவர் என் காதருகே குனிந்து, “வாகனப் பழுதுன்னு எழுது வினோ. அதான உண்மை” என்றார்.

கணக்கு டீச்சர் தப்பான விடை எழுதக் கூடாது. நான் யோசித்து, ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். எழுத்தர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

“பதட்டத்துல கட்டம் மாத்தி எழுதிட்டீங்க டீச்சர். இது தாமதத்துக்குக் காரணம் எழுதுற கட்டம். இதுல போயி ‘சாதி’ன்னு எழுதியிருக்கீங்க.”

“மாத்தி எழுதல சார்” என்றேன். “காரணத்தைத்தான் எழுதியிருக்கேன்.”