பாம் பாம் மாமா தேர்ந்தெடுத்த குட்டைச் செடிகள்

பிள்ளைகளே, ஊவா மாகாணத்திலேயே லொறி இல்லாமல் ஹாரன் அடித்த ஒரே மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாம் பாம் மாமாதான்.

கொழுந்து லொறி டிரைவர் அவர். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துப் பழகி, இறங்கி நடக்கும்போதும் வாயால் "பாம் பாம்" என்பார். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து மூலையில் திரும்பினால் பாம் பாம். கோயிலைச் சுற்றினால் மூலைக்கு மூலை பாம் பாம். பூசாரி முறைத்தால், "அந்தப் பக்கமிருந்து யாராச்சும் வந்துகிட்டிருந்தா, சாமி?" என்று கேட்பார்.

அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்துக்கு அப்போதுதான் மதில் கட்டியிருந்தோம். மதிலுக்குள் செடி வைக்க வேண்டும். மடுவத்து அக்கா சொன்னார்: "எப்பவும் பச்சையா நிக்கணும், எல கொட்டக் கூடாது. பிள்ளைங்க கொட்டுறத கூட்டவே எனக்கு நேரம் பத்தல."

மாமா சொன்னார்: "குட்டையா இருக்கணும். கதவுல நின்னா எல்லாத் தலையும் தெரியணும்."

எனக்கும் அதே கவலை. என் மூன்று வயது மகள் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகிறவள். வாசலுக்கு வெளியே பஸ் ஓடும் ரோடு.

பதுளையில் செடி விற்கும் இடத்துக்கு மாமாவும் நானும் போனோம்.

"மாப்ள, அந்தச் செடிக்குப் பின்னால மூணு வயசுப் பிள்ளையாட்டம் குந்து."

குந்தினேன்.

"ஒன்னைக் காணோம். வேணாம், அடுத்தது!"

செடி செடியாகக் குந்தினேன். பக்கத்து எல்ல ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் இருவர் என்னைப் படம் பிடித்தார்கள்.

கடைக்காரர் பொறுமை இழந்தார். "அண்ணே, செடி வாங்க வந்தீங்களா, ஒளிஞ்சு பிடிச்சு வெளையாடவா? இந்த சைப்பிரஸ எடுங்க, குட்டைதான்."

"பத்து வருஷத்துல?"

"அது... வளரும்ல."

"வளைவ மறைக்கும். வேணாம்."

கடைசியில் குட்டை வெட்சிக்குப் பின்னால் என் தலை, காது எல்லாம் தெரிந்தன. ஓர் இலையைக் கிள்ளிக் கடைக்காரரிடம் நீட்டினார் மாமா. "பிள்ளைங்க வாயில போடும். நீங்க மொதல்ல தின்னு காட்டுங்க."

தின்றுவிட்டார், பாவம். எங்களை அனுப்பினால் போதும் என்றிருந்திருக்கும்.

வெட்சியை மதிலோரம் நட்டு அது வேர்பிடித்த பிறகு ஒரு பனி மூடிய சாயங்காலம், மகளைக் கூட்டிவரப் போனேன். கேட் திறந்து கிடந்தது. மகளைக் காணவில்லை. ரோட்டில் பஸ் சத்தம் கேட்டது. அக்கா ஒரு பக்கம் ஓட, நான் ரோட்டுக்குப் பாய்ந்தேன்.

"பாம் பாம்!" வந்த மாமா மடுவத்துக் கதவில் நின்று ஒரு பார்வை பார்த்தார். "மாப்ள, அந்த மூலைச் செடிக்குப் பின்னால ரோஸ் ரிப்பன்."

அங்கேதான் குந்தியிருந்தாள். வெட்சியின் குருத்தையெல்லாம் கிள்ளிக் கவுன் மடியில் நிரப்பியிருந்தாள். "கொழுந்து, அப்பா. நிறுக்கணும்."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வளைவுல நிப்பாட்டாத, மாப்ள," என்று தூக்கிவிட்டார்.

மாமா இப்போது வெலிமடையில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆனாலும் லயத்து மூலையில் திரும்பும்போது மெல்ல "பாம் பாம்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புகிறேன். அந்தப் பக்கமிருந்து அவர் வந்துகொண்டிருந்தால்?