கெத்துபோங் கத்தினால் திரும்பிவிட வேண்டும்

மரபறிவை மூத்தோரிடமிருந்து இளையோருக்கு மாற்றித் தருவது தன் தலையாய கடமை என்று அரசுக்கு ஒருநாள் திடீரென்று நினைவு வந்தது. ஆகவே, இபான் பழங்குடிக் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீள்வீட்டின் தலைவர் லங்காய், அறுந்துபோன தொங்குபாலத்தைக் கட்டித் தரும்படி கேட்கப் போனபோது, முதலில் அறிவை மாற்றுங்கள், பாலத்தைப் பிறகு பார்ப்போம் என்று பணிக்கப்பட்டார்.

பயிற்சியை நடத்த கால்வின் என்ற அதிகாரி வந்தார். நகரத்தில் வளர்ந்த இபான் பிள்ளை.

“இளைஞர்கள் எங்கே, தலைவரே?”

“எல்லாம் பிந்துலுவுல எரிவாயு ஆலையில கிடக்குதுங்க. இந்தக் காலத்துல எவன் பழசை மதிக்கிறான்?”

“இளைஞர் இல்லாம பயிற்சி செல்லாதே!”

“உனக்கு என்ன வயசு?”

“இருபத்தொன்பது.”

“அப்புறம் என்ன, உக்காரு.”

விதிகளை ஆராய்ந்த கால்வின், தாமும் சட்டப்படி இளைஞரே என்று கண்டு பாயில் அமர்ந்தார்.

லங்காய், நல்லது கெட்டதை முன்கூட்டியே சொல்லும் குறிப்பறவைகளைப் பற்றிச் சொன்னார். காரியமாகப் புறப்படும்போது கெத்துபோங் பறவை இடப்பக்கம் கத்தினால், அப்படியே திரும்பிவிட வேண்டும்.

“ஏன் திரும்பினேன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?”

“பறவை கத்தினப்புறம் எவன் கேப்பான்?”

“மேலதிகாரி?”

“அவனும்தான் திரும்பணும்.”

கால்வின் முகம் மலர்ந்தது. அவருடைய அலுவலக வாழ்க்கையில் இவ்வளவு பயனுள்ள அறிவை யாரும் தந்ததில்லை. கொல்லையில் கத்திய கெத்துபோங்கின் குரலைக் கைபேசியில் பதிந்துகொண்டு, கும்பிடாத குறையாக விடைபெற்றார்.

மழைக்காலம் முடிந்ததும் லங்காய் மாவட்ட அலுவலகம் போனார். பாதி நாற்காலிகள் காலி.

“பாலத்தைப் பாக்க எப்ப வர்றே, தம்பி?”

“இப்பவே கிளம்பலாம், தலைவரே.” கால்வின் எழுந்தார். மேசையின் இடப்பக்கம் கைபேசி கெத்துபோங் குரலில் கீச்சிட்டது. கால்வின் பயபக்தியுடன் உட்கார்ந்துவிட்டார்.

“அடேய், அது போனுடா!”

“குரல் உங்க வீட்டுக் கொல்லையில கத்தினதுதான். துறை சான்று கொடுத்திருக்கு.”

“அப்ப போனைத் தூக்கி அந்தப் பக்கம் வை!”

“மரபுல கைவைக்க எனக்கு ஏது அதிகாரம்? எவன் பழசை மதிக்கிறான்னு நீங்கதானே வருத்தப்பட்டீங்க?”

லங்காய் வாயைத் திறந்தார். கைபேசி மறுபடி கத்தியது. போன்தான் என்று தெரியும். ஆனாலும் ஆயுசுப் பழக்கம், கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின.

பாலமில்லாத ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் அவர் இறங்கி நடந்தபோது, அசல் கெத்துபோங் ஒன்று வலப்பக்கம் கத்தியது. போன காரியம் வெற்றி என்று அதற்குப் பொருள்.

லங்காய் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பறவையைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.