நாலாம் பாடம் யார் கையில்?

உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் திருப்பித் தரும் தேதி ஒன்று உண்டு என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் சாப்பு அண்ணன்தான்.

எங்கள் பக்கம் முத்திரைக்குச் சாப்பு என்றுதான் பெயர். நான் வேலை பார்க்கும் சின்னக் கிளை நூலகத்தில் முன்மேசை அவருடையது. புத்தகத்தைக் கருவியிடம் காட்டினால் 'பீப்' என்று அதுவே பதிந்துகொள்ளும் காலம் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் கடைசிப் பக்கத்தில் தேதியைச் சாப்பு குத்தாமல் அவர் ஒன்றையும் வாசல் தாண்ட விடமாட்டார். அடையாள அட்டையில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைக் கொண்டு கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒருமுறை என் குடையை இரவல் கேட்டார். கைப்பிடியில் ஒரு தாளை ஒட்டி, தேதி குத்தி, எடுத்துக்கொண்டு போனார். புத்தகத்துக்கு உள்ள கெடுப்படியே இருபத்தோராம் நாள் காலை குடை என் மேசையில் இருந்தது. இடையில் நான் தினமும் நனைந்ததைச் சொல்லிக் குறைப்பட்டால், "நீ ரிசர்வ் பண்ணலியே தங்கச்சி" என்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன வருடம் இணையம் வந்து மாட்டிக்கொண்டது.

தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். எங்கள் மேலதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி; மரியாதையாகப் புவான் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நூலக ஊழியர்கள் அனைவரும் புதிய இணையக் கருவிகளைக் கற்க வேண்டும். மொத்தம் பத்துப் பாடம். வகுப்பு கிடையாது, ஆசிரியர் கிடையாது. அவரவர் கணினியில் அவரவர் வேகத்தில் படித்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் முடிக்காதவர்களுக்கு முன்மேசையில் இடமில்லை. குருபோங்கில் இருக்கும் பழைய புத்தகக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள்.

சாப்பு அண்ணன் முகம் சுண்டிப்போனது. கிடங்கில் மருந்துக்குக்கூட ஆள் வராது. அவருக்கோ ஆள் வேண்டும். மஸ்ஜித் தானாவிலிருந்து கார் ஓட்டி வந்து துப்பறியும் கதை எடுக்கும் மலாய் டீச்சர், சமையல் குறிப்பை மட்டும் படித்துவிட்டுப் போகும் லோரி டிரைவர் என்று யாருக்கு எது பிடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த மேசையைப் பிடுங்கினால் மனிதர் உடைந்துபோவார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"வாத்தியாரே இல்லாம பாடமா? அப்ப யாருகிட்டலா திருப்பிக் குடுக்கறது?" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

கடவுச்சொல்லை யார் கண்ணிலும் படாமல் வையுங்கள் என்றது முதல் பாடம். அவர் அதை ஓர் அட்டையில் எழுதி, மூலையில் கிடந்த பழைய அட்டவணைப் பெட்டியில் பொருள்வாரியாக ஒளித்து வைத்தார். மறுநாள் எந்தப் பொருளின் கீழ் வைத்தோம் என்பது மறந்துவிட்டது. கணினி என்ற இழுப்பறையைக் குடைந்தார். குற்றவியலைக் குடைந்தார். பூட்டு, சாவி எல்லாம் பார்த்தாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு 'ஞாபக சக்தி' என்ற இழுப்பறையில் கிடைத்தது.

இரண்டாம் பாடம் வலைப்பூ. வாசகர்களை அன்போடு அழைத்து நாலு வரி எழுத வேண்டும். அண்ணன் எழுதினார்: 'வருக. சத்தம் போடாதே. உள்ளே தின்னாதே. பக்கத்தை மடக்காதே.'

"அன்பு எங்கண்ணே?" என்றேன்.

"அதான் வருகன்னு போட்டிருக்கேனே, வேற என்ன செய்யச் சொல்ற? தூக்கிட்டு வரணுமா?"

மூன்றாம் பாடத்தில்தான் மாநிலமே அவரை அறிந்துகொண்டது. எல்லாக் கிளைக்காரர்களும் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுதிப் பழக வேண்டும். அண்ணன் அதைத் திறந்தார். திரையில் எழுத்துகள் தாமாக ஊர்ந்தன.

"ஐயோ, எவனோ உள்ள பூந்து கிறுக்கறான்!"

புத்தகத்தில் பென்சில் கிறுக்கலைக் கண்டால் அழிரப்பரோடு பாயும் கை அது, சும்மா இருக்குமா? ஒவ்வொரு வரியாக அழித்தார். அவர்கள் எழுத எழுத இவர் அழித்தார். அரை மணி நேரத்தில் ஒரு வார உழைப்பு வெள்ளை வெளேரென்று ஆனது. தலைமையகத்தில் பயிற்சியைக் கவனிக்கும் பெண் அழாத குறையாகப் போன் செய்தாள். அண்ணன் அவளுக்கு ஆறுதல் சொன்னார்: "கவலப்படாதம்மா, எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன். இன்னும் எவனாச்சும் கிறுக்கினா சொல்லு." அவள் எப்படியோ பழைய எழுத்தை மீட்டுவிட்டாள். ஆவணத்தில் அதிகமாக வேலை செய்தவர் என்று அந்தக் கருவி அண்ணனுக்கு ஒரு நட்சத்திரமும் கொடுத்துத் தொலைத்தது.

அதோடு நின்றார். நாலாம் பாடத்துக்குப் போகவே இல்லை.

அந்தச் சமயம் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் ஆஸ்பத்திரி, வேலை, வீடு என்று பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தேன். என் பயிற்சியும் நாலாம் பாடத்திலேயே பாதியில் நின்றது. யார் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலை அண்ணன் தினமும் காலையில் திறந்து பார்ப்பார். பெருமூச்சு விடுவார். மூடிவிடுவார்.

"லெசன் ஃபோர்?" என்று புவான் அதட்டுவார்.

"பெலும், புவான். இன்னும் வரல" என்று மலாயிலும் தமிழிலும் சேர்த்துச் சொல்வார். புவானுக்கு அதில் பாதி புரியாது. மனிதர் சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

கெடுவுக்கு மூன்று நாள் இருந்தபோது அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நான் காலையில் உட்கார்ந்து நாலாம் பாடத்தை ஒரே மூச்சில் முடித்தேன். சற்று நேரத்தில் அண்ணன் என் பக்கத்தில் நின்றார்.

"முடிச்சிட்டியா தங்கச்சி? இனிமே அது உனக்கு வேணாம்தானே?"

"வேணாம்ணே. ஏன்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு முன்பதிவுச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் என் பெயர் இருந்தது: 'பாடம் 4. விமலா எடுத்திருக்கிறார். அடுத்து நான்.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒரு கிளைக்கு ஒரு காப்பிதானே குடுத்திருப்பாங்க? லிஸ்ட்ல உன் பேருல இருந்திச்சி. நான் தொறந்தா உன்கிட்டேருந்து போயிருமேன்னு விட்டுட்டேன்."

"மூணு வாரமாவா? கேட்டிருக்கலாமேண்ணே! குருபோங்குக்குத் தூக்கிருவாங்கன்னு தெரியும்தானே?"

"தெரியும்லா. அம்மா ஆஸ்பத்திரில கெடக்கறப்ப உன்கிட்ட வந்து பாடத்தக் குடுன்னு கேக்கச் சொல்றியா?"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. புத்தகம் எடுப்பதுபோல அலமாரிகளுக்கு நடுவே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரே பாடத்தை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று சொன்னால் அவர் நம்பவில்லை. நாலு கணினியில் நாலாம் பாடத்தைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக நடந்து போய்ப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"எல்லாத்துலயும் இருக்கே தங்கச்சி! அப்ப நான் இத்தன நாள் சும்மாவா உக்காந்திருந்தேன்?"

"ஆமாண்ணே."

"சரி, விடு. அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

மூன்று நாளில் ஏழு பாடம். புவானே முன்மேசையில் உட்கார்ந்து புத்தகம் கொடுத்தார். நான் பக்கத்தில் இருந்து பக்கங்களைத் திறந்துவிட்டேன். படித்து, பதில் எழுதியதெல்லாம் அண்ணன்தான். கடைசி நாள் சாயங்காலம், நூலகம் மூடக் கால் மணி நேரம் இருக்கையில் பத்தாம் பாடம் முடிந்தது. குருபோங் தப்பித்தது என்று புவான் சொன்னார். மேசை அவருக்கே நிலைத்தது.

முடிவில் ஒரு கேள்வி இருந்தது: இந்தப் பயிற்சியில் என்ன மாற்றம் வேண்டும்? பத்துப் பாடத்திலும் யோசிக்காத அளவுக்கு அண்ணன் அதற்கு யோசித்தார். பிறகு ஒரு விரலால் மெதுவாகத் தட்டினார்: 'யார் வீட்டிலாவது உடம்பு சரியில்லை என்றால், அவர் பெயருக்குப் பக்கத்தில் அது தெரிய வேண்டும். மற்றவர்கள் காத்திருப்பார்கள்.'

நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், யாருமில்லை என்று சட்டென்று சொல்லிவிடுவேன். இப்போதெல்லாம் அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.