சூசை மாமாவின் வள்ளத்தை எரித்தது யார்?

இரண்டு நாடுகளுக்கிடையே சண்டை மூட்டிவிட்ட அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கும்? எனக்கு இருக்கிறது. அப்போது வயது இருபத்திரண்டு, கையில் இரவல் கமெரா, கொழும்புப் பத்திரிகை ஒன்றின் மன்னார் நிருபர் என்ற பட்டம் வேறு. (அடையாள அட்டைகூடத் தரவில்லை. தலைக்கனம் மட்டும் தாராளமாக வந்துவிட்டது.)

இந்தியாவுக்கும் எங்களுக்கும் மீன்பிடிச் சண்டை சூடு பிடித்திருந்த நேரம். சூசை மாமாவின் மகன் அருள், கூலிக்குப் போன வேறொரு வள்ளத்தின் எஞ்சின் பழுதாகி எல்லை தாண்டி மிதந்துபோய், அக்கரைச் சிறையில் இருந்தான். அடுத்த கிழமை விடுவார்கள் என்று பேச்சு. மாமி அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் வைத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாமா, எங்கள் ஊரான தாழ்வுபாட்டின் கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் பிடித்த பாசியும் பூச்சியும் சாகப் பனையோலை கொளுத்திச் சூடு காட்டினார். வழக்கமான வேலைதான். உதவிக்குப் போன நான், புகையைக் கண்டதும் கலைஞனாகிவிட்டேன்.

"டேய் விசரா, படம் பிறகு எடுக்கலாம்! ஓலையை அங்கால இழு, பலகை கருகப்போகுது!" என்று மாமா இரண்டு கையையும் விரித்துக் கத்தினார். அந்தக் கணத்தில் படத்தை எடுத்தேன்.

பின்னேரம் ஆசிரியர் போனில் வந்தார். "தம்பி, கடல் சண்டைச் செய்திக்கு ஒரு படம் வேணும். எரியிற மாதிரி ஏதும் இருக்கோ?"

"ஓம் அண்ணை, ஒண்டு இருக்கு."

ஏன் எரிகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் பெயர் அச்சில் வருமே!

மறுநாள் முதற்பக்கம்: "அக்கரையார் எரித்த வள்ளம்: கதறும் தாழ்வுபாட்டு மீனவர்." மூன்றாம் நாள் இணையத்தில் அக்கரைப் பத்திரிகை ஒன்று. அதே படம், அதே மாமா! "இலங்கையர் எரித்த நம் படகு: கதறும் ராமேஸ்வரம் மீனவர்." ஐயோ கடவுளே! பாஸ்போட் இல்லாமலே மாமாவை நாடு மாற்றிவிட்டார்கள்.

அங்கே ஊர்வலம், கூச்சல். அருளின் விடுதலை தள்ளிப்போனது. மாமி பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏசவில்லை.

"வள்ளம் கரையில முழுசா நிக்குது. நீயும் பாத்தனிதானே தம்பி. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதோ?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உடனே ஆசிரியருக்குப் போன் எடுத்து உண்மையைக் கொட்டினேன். "இப்ப சொல்லி என்ன தம்பி? படம் நல்லாப் போயிட்டுது" என்றார்.

அருள் இரண்டு மாதம் பிந்தி, எலும்பும் தோலுமாக வந்தான். வந்ததும் முதல் வேலையாக என்னைக் கடலுக்குள் தள்ளினான்.

இப்போதும் மாமி வீட்டுத் தொலைக்காட்சியில் எங்கோ ஒரு நாட்டுப் போர் ஓடும். நெருப்பின் முன் கையை விரித்து ஒருவர் அழுவார். வீடே என்னைத் திரும்பிப் பார்க்கும்.

"உண்மையைச் சொல்லு தம்பி," என்பார் மாமி. "அந்த மனுசன் அழுகுதோ, இல்லாட்டிப் படமெடுக்கிறவனை ஏசுதோ?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த மனிதரின் வீடு மெய்யாகவே எரிந்திருந்தால்? மாமி அவரை நம்பாமல் போனதற்குக் காரணம் நான்தான்.