கோரையைப் பிடுங்கிய ஞாயிறு

விரலை நீட்டிக் காட்ட வேண்டியதை வாயால் வர்ணிப்பது என் பிறவிக் குணம். அதனால் ஒரு ஏரியையே கிட்டத்தட்டக் கொன்றிருக்கிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். டில்லியின் வடக்கு ஓரத்தில், யமுனை எப்போதோ தடம் மாறியபோது விட்டுவிட்டுப் போன பெரிய ஏரி. ஆகாயத்தாமரை மூடி, மூச்சுத் திணறிக் கிடந்தது. அதை அகற்றிவிட்டுக் கரையோரம் பழையபடி கோரையை வளர்த்தால், கூடு கட்ட இடமில்லாமல் போய்விட்ட நீலத் தாழைக்கோழிகள் திரும்பி வரும். அதுதான் திட்டம். அதில் எனக்குத் தற்காலிக வேலை. நிரந்தரமாவது, அந்த ஞாயிறு பதினொரு மணிக்குப் பார்வையிட வரும் தலைமை விஞ்ஞானி மேடத்தின் கையில்.

ஆகாயத்தாமரையை இழுக்க ஆள் போதவில்லை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து அப்பா தலைமையில் ஒன்பது பேரைத் திரட்டினேன். எல்லோரும் அரசாங்க உத்தியோகம். எல்லோரும் தஞ்சாவூர்ப் பக்கம் (இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்).

காலை வெயில் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தது. எனக்குள் கவிதை பொங்கிவிட்டது.

"எங்கிருந்தோ வந்து இந்த மண்ணின் மூச்சை அடைக்கும் அந்நியனை வேரோடு அகற்றுங்கள்! இந்த மண்ணுக்குரியது பூத்துக் குலுங்கட்டும்!"

கைதட்டினார்கள். (எந்தச் செடி என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.) மேடத்துக்குப் படகு தயார் செய்ய மறுகரைக்குப் போய்விட்டேன்.

பத்து மணிக்குத் திரும்பினால், கரை மொட்டையடித்த தலை மாதிரி பளபளத்தது. மூன்று வாரமாக நட்ட கோரை ஒன்றுகூட இல்லை. ஆகாயத்தாமரையோ ஊதா ஊதாவாகப் பூத்துச் சிரித்தது. கணவரோடு வந்திருந்த பக்கத்து வீட்டு மாமி அந்தப் பூக்களைப் பறித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். "சுவாமிக்கு வைக்க என்ன அழகா இருக்கு பாரேன்!"

"அப்பா, என்ன பண்ணினீங்க?"

"நீ சொன்னதைத்தான். கோரையைப் பார்த்தா வயக்காட்டுக்காரன் கை சும்மா இருக்குமா? சுத்தமா எடுத்தாச்சு."

"அது நாங்க நட்டதுப்பா!"

"கோரையையா? அதை யாராவது நடுவாங்களாம்மா?"

மாமியின் கணவர் மெதுவாகச் சொன்னார்: "படிச்ச பொண்ணுல்ல."

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலை போச்சு. தாழைக்கோழியும் போச்சு. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். பழக்கதோஷத்தில், பிடுங்கியதையெல்லாம் நாற்றுமுடி மாதிரி கட்டி, வேர் நனைய வரிசையாக வைத்திருந்தார்கள்.

"அட, வேர் ஈரமாத்தானே இருக்கு! கோரைக்கு ஏது சாவு? ஜல்தி, எல்லாரும் எறங்குங்க!"

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஒன்பது உத்தியோகஸ்தர்கள் நடவு நட்டார்கள். கடைசி முடியை அவிழ்க்கும்போது மேடத்தின் ஜீப் வந்து நின்றது.

கோரை, அலமாரியில் அடுக்கிய ஃபைல் மாதிரி நேர்க்கோட்டில் நின்றது. "நாம இப்படி நடலையே?" என்றார் மேடம் ஹிந்தியில். நான் ஒரு உவமையைத் தேடுவதற்குள் அப்பா முன்னால் வந்தார்.

"கல்தி மேரா, மேடம். உகாடா பீ ஹம், லகாயா பீ ஹம்." (தப்பு என்னுது, மேடம். பிடுங்கினதும் நாங்க, நட்டதும் நாங்க.)

மேடம் குனிந்து ஒரு செடியை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. என் வர்ணனைகள் அவருக்கு ஏற்கெனவே பழக்கம். "அச்சா. அடுத்த ஞாயிறும் இவங்களைக் கூட்டிட்டு வா. பேச்சை மட்டும் நான் பேசிக்கறேன்."

அப்போது நான் விட்ட பெருமூச்சில் ஏரியே ஒருமுறை அலையடித்திருக்கும்.

பிற்பகல் முழுக்க, மேடமே தொட்டுத் தொட்டுக் காட்ட, ஆகாயத்தாமரையை இழுத்தோம். மாமியின் வாளியும் கவிழ்க்கப்பட்டது. வேலை நிரந்தரமானது. இரண்டு மழைக்காலம் கழித்து, அந்த நேர்க்கோடுகள் கலைந்து புதராகியிருந்த இடத்தில் ஒரு நீலத் தாழைக்கோழி கூடு கட்டியது. "என் வரிசையிலதான்" என்று அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

இன்றும் வீட்டில் நான் எதையாவது வர்ணிக்க ஆரம்பித்தால் போதும், கோரஸாகக் குரல் வரும்: "தொட்டுக் காட்டு!" போன வாரம்கூடக் காய்கறி வண்டிக்காரரிடம் ஹிந்தியில், "பையா, விடியலின் பசுமையோடு..." என்று தொடங்கினேன்.

"அம்மா, விரல்" என்றாள் மகள்.

நீட்டினேன். கொத்தமல்லி கிடைத்தது.