சகலை பிடித்த குளிர்

"சாக்கடைக்குப் போற தண்ணிய வெச்சுத் திராட்சையைக் குளிர வைக்கிறானாம்! ஊரே சிரிக்கப் போகுது பாரு" என்றார் மெக்கானிக்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. "என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்ன மூளைங்க!" என்றாள்.

மெக்கானிக்குக் காப்பி புரையேறியது.

குளிர்பதனக் கிடங்கில் அவருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். சகலை வந்து எட்டே மாதம். உறைபனி அறைக் குழாய்களில் படியும் பனியைத் தினமும் உருக்கி, அந்த ஜில் தண்ணீரைச் சாக்கடையில் விடுவார்கள். சகலை அதை மடக்கிச் சுருள் குழாயில் ஓடவிட்டு, பின்னால் ஒரு மின்விசிறியையும் வைத்துவிட்டான். வெயிலோடு வந்து இறங்கும் திராட்சை அந்தக் காற்றிலேயே பாதிச் சூடு தணிந்து, பிறகுதான் குளிர் அறைக்குள் போனது. முதலாளி சகலையின் தோளைத் தட்டியதை மெக்கானிக் கண்ணால் பார்த்தார். வயிறு எரிந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சுருள் குழாயின் வால்வைப் பாதி மூடினார்.

மறுநாள் பழம் தரம் பிரிக்கும் பெண் கூவினாள்: "இத்தனை நாளும் பழமெல்லாம் ஈரம் கோத்துக்கிட்டு வந்துச்சு. இன்னைக்குத்தான் பதமா இருக்கு!"

பல்லைக் கடித்துக்கொண்டு, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். சுவரில் மோதிய காற்று, அதுவரை எட்டாத மூலைப் பெட்டிகளையும் குளிர வைத்துவிட்டது.

"அண்ணே, யாரோ ஒரு புண்ணியவான் நமக்காகச் சரி பண்ணிட்டுப் போறான்!" என்று சகலை பூரித்தான். உறைபனி அறை வாசலிலேயே மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது.

இந்த யோசனைக்காக மேற்பார்வையாளர் பதவியே தரப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், நேரே முதலாளி அறைக்குள் போனார்.

"மனசு கேக்கல முதலாளி. அந்த யோசனை உருப்படாது. பத்தே நாள்ல கம்ப்ரெசர் படுத்துடும்."

"நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

"பதினெட்டு வருஷ அனுபவம் சொல்லுது. இதை யோசிச்சவனுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அவனைப் போய் மேற்பார்வையாளரா போட்டா, கிடங்கை இழுத்து மூட வேண்டியதுதான்."

முதலாளி மேசை மேலிருந்த ஒரு தாளைக் கையில் எடுத்தார்.

"இப்படி மனசைத் திறந்து பேசின மனுஷனை நான் பார்த்ததில்லை. சரி, வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்.

மீசையை நீவிக்கொண்டு வெளியே வந்த மெக்கானிக்கை, வாசல் மேசையிலிருந்த டைப்பிஸ்ட் அக்கா மறித்தாள்.

"ஏண்ணே, 'இவ்வளவு குளிரும் வீணாப் போகுதேன்னு எங்க அண்ணன்தான் புலம்பினார், யோசனை அவரோடது'ன்னு உங்க சகலை எழுதிக் கொடுத்து, உங்க பேர்ல நான் அடிச்சு வெச்ச மேற்பார்வையாளர் உத்தரவை, முதலாளி எதுக்குண்ணே கிழிச்சார்?"